சத்தம் மட்டும் வந்த வீடியோ

தையல் மெஷின் பழுது பார்ப்பவருக்குக் கண் இரண்டும் அழகுக்குத்தான் இருந்தன. தொழில் முழுக்கக் காதில் நடந்தது. யாராவது ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தால் அவர் மூடியைத் திறக்க மாட்டார், குனிந்துகூடப் பார்க்க மாட்டார். "ஓட்டுங்க" என்பார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். கடையில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றோ உள்ளே நூல் சிக்கியிருக்கிறது என்றோ தீர்ப்பு வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத நாட்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. அந்த வேலையை அவர் மனைவி பார்த்துக்கொண்டார்.

மெஷினோடு நிறுத்தியிருந்தால் ஊருக்கு வம்பில்லை. மனுஷர்களையும் அவர் அப்படித்தான் சோதித்தார். அதனால் அதிகம் அடிபட்டது அவருடைய தங்கை. அப்பா அம்மா போன பிறகு அவர்தான் அவளை வளர்த்தார், படிக்க வைத்தார், இத்தனை வயதான பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பாப்பாவுக்குத் தலையில் நாலு முடி நரைத்துவிட்டது. வந்த வரன்களையெல்லாம் அண்ணன் கடையிலேயே உட்கார வைத்து, பேசவிட்டு, கேட்டு, அனுப்பிவைத்திருந்தார். ஒருவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமினான். நம்பிக்கையில்லாத ஆள் என்று தள்ளிவிட்டார். ஒருவன் டீயை உறிஞ்சிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஒருவன் செருப்பை இழுத்து இழுத்து நடந்தான், செருப்பையே தூக்கி வைக்காதவன் குடும்பத்தை எங்கே தூக்கப் போகிறான் என்றார். ஒரு பாவப்பட்டவன் வாயே திறக்காமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சத்தமே வரலன்னா உள்ள என்ன ஓடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று அவனுக்கும் கும்பிடு போட்டார்.

தங்கை ஒவ்வொரு முறையும் சரி அண்ணா என்றாள். பிறகு வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். தங்கையைப் பிரிய மனசில்லாத அண்ணனுக்கு எந்தச் சத்தமும் கோளாறுச் சத்தம்தான் என்று அவர் மனைவி பல தடவை சொல்லிப் பார்த்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மெஷின்காரரின் காது மந்தமாகிவிடும்.

அன்று காலை கடையைத் திறந்து, மனைவி முன்பக்க மேஜையில் ஊசிகளையும் நூல்கண்டுகளையும் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தங்கையிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. கூடவே எழுதியிருந்தாள்: எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு அண்ணா. முழுசாப் பாரு. பாத்துட்டுத்தான் பேசணும். உனக்குப் பிடிக்கலன்னா இதோட விட்டுடறேன், இனிமே கல்யாணப் பேச்சே வேண்டாம்.

கடைசி வரியை மனைவி இரண்டு தடவை படித்தார். நாத்தனார் இப்படிக் கறாராக எழுதி அவர் பார்த்ததில்லை. அவளைப் போல வாக்குத் தவறாதவளும் கிடையாது. விட்டுவிடுகிறேன் என்றால் விட்டுவிடுவாள், அதற்கப்புறம் தனியாகவே இருந்துவிடுவாள். "இந்தத் தடவ உங்க வித்தையக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டுப் பாருங்க" என்று கணவரிடம் சொன்னார்.

மெஷின்காரர் வீடியோவைத் தொட்டார். திரை கறுத்துப்போனது. அப்படியே கறுப்பாகவே இருந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"வணக்கம் அண்ணா. நான்தான் அது. அச்சாபீஸ்ல அட்டப்படம் வரையற வேல எனக்கு. உங்க தங்கச்சி மொதல்ல எனக்கு ரத்தம்தான் எடுத்தாங்க. நரம்பு கெடைக்காம குத்திக்கிட்டே இருந்தாங்க. குத்து வாங்கின நான் சும்மா இருக்கேன், குத்தினவங்க கண்ணு கலங்கிட்டாங்க. இது யாருடா இப்படின்னு பாத்தேன். அன்னிலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

என்ன குரல் அது! கனமும் இருந்தது, வழவழப்பும் இருந்தது. செருமல் இல்லை, பிசிறு இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே சின்னதாக ஓர் இடைவெளி விட்டுப் பேசினான். மெஷின்காரரின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, கண் மூடியது.

"படம் வரலங்க" என்றார் மனைவி.

"இரு."

"மூஞ்சியப் பாக்க வேண்டாமா?"

பார்க்கலாம், படத்துக்கு என்ன அவசரம் என்று அவர் கையமர்த்தினார். யோசித்துப் பேசுகிற ஆள், அந்த இடைவெளியைக் கவனி, வார்த்தையை எண்ணெய் போட்டு விடுகிறான் என்று ரசித்தார். கடைசிப் பகுதியில் மட்டும் ஒரு குழப்பம் இருந்தது. குரல் நின்றுபோய், கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் திடீரென்று தங்கை சிரிக்கிறாள். யாரும் எதுவும் சொல்லாமலே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவர் அவளுடைய பள்ளிக்கூட நாட்களில் கேட்டதோடு சரி. சந்தோஷத்தில் சிரிக்கிறது கழுதை என்று நினைத்துக்கொண்டார்.

படத்தை வரவழைக்கும் வேலையை அவரே கையில் எடுத்தார். ஓடாத மெஷின் என்று ஒன்று கிடையாது, ஓட்டத் தெரியாத ஆள்தான் உண்டு என்று கடைச் சுவரில் எழுதி மாட்டாத குறையாகச் சொல்லிவந்தவர் அவர். எதிர்ச்சாரியில் செல்போன் கடை இருந்தது. அந்தக் கடைக்காரம்மா இதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் அங்கே போவதற்கு மெஷின்காரருக்கு வழியில்லை. நீங்கள் பார்ப்பது ரிப்பேர் வேலையே இல்லையம்மா, பழசைக் கழற்றிப் புதுசை மாட்டுவது, அதை என் மனைவிகூடச் செய்வாள் என்று ஒருநாள் நாலு பேர் முன்னால் வாயை விட்டிருந்தார். அதற்கு இரண்டு பெண்களிடமும் தனித்தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆகவே வைத்தியம் வீட்டோடு நடந்தது. போனை அணைத்துப் போட்டார். கறுப்பு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். வெளிச்சமான கறுப்பு. போனைப் படுக்கப்போட்டு, நிமிர்த்தி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இடம் நிறைந்திருக்கும் என்று மனைவி சொன்னதால் பூப்படம் போட்ட காலை வணக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தார். அந்தப் பூவையெல்லாம் யார் அனுப்பியது என்பதில் ஒரு சின்ன சச்சரவு வந்து போனது. வீடியோவை அழித்து மறுபடி இறக்கினார். வேறொரு பிளேயரைப் போட்டுப் பார்த்தார், அது இந்த வீடியோவை ஓட்ட முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. அது மரியாதை தெரியாத பிளேயர் என்று அதையும் அழித்தார். மென்மையான துணியால் திரையைத் துடைத்தார். ஒரு கட்டத்தில் அவர் கை எண்ணெய்க் குப்பிப் பக்கம் போனதை மனைவி பார்த்தார், போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

இவ்வளவிலும் அந்தக் குரல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் மெஷின்காரருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்த மெஷினை வாங்க வந்த ஒருவருக்கும் போட்டுக் காட்டி, எங்கள் மாப்பிள்ளை என்று வேறு சொல்லிவிட்டார்.

அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள்.

"பாத்தியா அண்ணா?"

எதிரே நின்ற மனைவி, பார்க்கவில்லை என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார். படம் வரவில்லை என்று சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் ஊரிலுள்ள மெஷினையெல்லாம் ஓடவைக்கிற அண்ணனால் ஒரு வீடியோவை ஓடவைக்க முடியவில்லை என்று தங்கையிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. எப்படியும் கேட்டாயிற்று, தெரிய வேண்டியது தெரிந்தாயிற்று. முகத்தில் என்ன இருக்கிறது.

"பாத்தேன்" என்றார்.

"முழுசாவா?"

"முழுசா. பல தடவ."

"அப்ப என்ன சொல்ற?"

"சம்மதம். என்ன சொல்லணும் வேற?"

தங்கை அழ ஆரம்பித்தாள். சின்ன அழுகையில்லை, பேச்சு வராத அழுகை. நீ மாட்டேன் என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன், நீ இப்படிச் சொல்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் அண்ணா என்று விக்கி விக்கிச் சொன்னாள். மெஷின்காரருக்குப் பெருமையும் குழப்பமுமாக இருந்தது. நல்ல மாப்பிள்ளையை நல்ல மாப்பிள்ளை என்று சொன்னதற்கு இவ்வளவு அழுகை எதற்கு?

மனைவிக்கு அது உறுத்திவிட்டது. போனை வைத்ததும், அவள் அழுததில் ஏதோ இருக்கிறது, படத்தைப் பார்க்காமல் இனி ஒரு வேலையும் ஓடாது என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு நடந்தார். தடுத்தால் கேட்கிற நடையில்லை அது. மெஷின்காரரும் பின்னாலேயே போனார். போகும்போதே, தான் பழைய பேச்சை மறந்துவிட்ட மாதிரி ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

செல்கடைக்காரம்மா எதையும் மறக்கவில்லை. போனை வாங்கி, வீடியோவை ஓடவிட்டு, ஏதோ இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "என்னங்கய்யா, காதுல வெச்சுக் கேட்டீங்களா?" என்றார்.

மெஷின்காரர் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார்.

"போன் கெட்டுப் போகலக்கா" என்று அந்தம்மா மனைவியிடம் சொன்னார். "இது புது போன்ல எடுத்த வீடியோ. புது மாதிரியாச் சுருக்கி வெச்சிருக்கும். உங்க பழைய போனுக்குச் சத்தத்த விரிக்கத் தெரியுது, படத்த விரிக்கத் தெரியல. சாதாரணமா அனுப்பியிருந்தாகூட ஓடியிருக்கும். படம் கொஞ்சமும் மங்கக் கூடாதுன்னு ஃபைலாவே அனுப்பியிருக்காங்க, பாவம்." பேசிக்கொண்டே அதைத் தன்னுடைய பெரிய போனுக்கு மாற்றி, மேஜைமேல் சாய்த்து வைத்தார்.

கறுப்பு விலகியது. ஒரு வெளிச்சமான அறை, ஒரு சோபா, அதில் இரண்டு ஆண்கள். ஒருவன் இளவயசுக்காரன், பார்க்க லட்சணமாக இருந்தான், அந்தக் குரல் அவன் வாயிலிருந்துதான் வந்தது. மெஷின்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், எப்படி என்பது போல. இன்னொருவர் கொஞ்சம் வயதானவர், முன் தலையில் முடி கொட்டியிருந்தது, நீலச் சட்டை போட்டிருந்தார். அவருக்குக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. காற்றில் எதையோ பிடிப்பதும் விடுவதும் மடக்குவதுமாக இருந்தார். கல்யாண விஷயம் பேசும்போது நடுவில் இந்த மனுஷர் எதற்கு என்று மெஷின்காரருக்கு எரிச்சலாக வந்தது.

"என்னங்க" என்றார் மனைவி மெல்ல. "பாப்பா யாரு பக்கத்துல நிக்கறான்னு பாருங்க."

தங்கை சோபாவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கை நீலச் சட்டைக்காரரின் தோளில் இருந்தது. அப்போதுதான் மெஷின்காரர் மற்றதையும் பார்த்தார். பேசுகிறவன் ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. நீலச் சட்டைக்காரரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் நின்றால் அவனும் நின்றான். கைகள் மறுபடி ஓடினால் பேசினான். குரல் நான் என்றபோது நெஞ்சைத் தொட்டது நீலச் சட்டைக்காரரின் விரல்.

மாப்பிள்ளைக்குக் காது கேட்காது. பேச்சும் கிடையாது. கையால் அவர் சொன்னதைச் சிநேகிதன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தான். மெஷின்காரர் காலையிலிருந்து மயங்கிக் கிடந்த குரல் யாரோ ஒரு மூன்றாம் மனுஷனுடையது.

வீடியோ இன்னும் ஓடியது. குரல் நின்ற அந்தக் கடைசி இடம் வந்தது. நீலச் சட்டைக்காரர் சிநேகிதனைப் பேச வேண்டாம் என்று நிறுத்தினார். கேமராவை நேராகப் பார்த்தார். இல்லாத ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் நுனியைச் சிநேகிதனின் நெஞ்சில் ஊன்றினார், பிடியைக் காதோடு ஒட்டினார், தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒற்றை விரலை ஆட்டி, வேண்டாம், அடுத்த ஆள் என்று வெளியே கையைக் காட்டினார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

செல்கடைக்காரம்மாவும் சிரித்துவிட்டார். "அச்சு அசல் நீங்கதாங்கய்யா" என்றார். சொன்ன பிறகுதான் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டு வீடியோவையும் நிறுத்தினார்.

மெஷின்காரர் கடைக்குத் திரும்பி, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வாய்விட்டுக் கத்தவும் முடியாது. மனைவி வந்து எதிரே நின்றபோது, ஏமாற்றிவிட்டாளே என்றார்.

யார் யாரை ஏமாற்றியது என்று மனைவி கேட்டார். அவள் எதையும் மறைக்கவில்லை, மங்கக்கூடக் கூடாது என்று பளிச்சென்று எடுத்து அனுப்பினாள், பார்த்துவிட்டுத்தான் பேசணும் என்று எழுதினாள். பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்ன மகாராஜன் யார்?

மெஷின்காரருக்குக் கோபம் இருந்தது, ஆனால் அதை யார் தலையில் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது இறங்கி, அடியில் இருந்த பயம் மேலே வந்தது. "அவளுக்கு அவசரத்துக்கு ஒண்ணுன்னா கூப்பிட்டா அவருக்குக் கேக்குமா?" என்றார். அதில் வேஷம் இல்லை.

"நானும் கல்யாணம் ஆன நாளா உங்களக் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் மனைவி. "ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. என்னத்தக் கேட்டுச்சு?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனைவி சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து தான் எதைப் பிடித்துப்போய்ப் பாராட்டினோம் என்று யோசித்துப் பார்த்தார். குரல் அந்தச் சிநேகிதனுடையது, சரி. குத்து வாங்கியவன் சும்மா இருக்க, குத்தியவள் கண் கலங்கியதைப் பார்த்தது யார்? அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பது யார்? அந்த இடைவெளிகள்கூட அந்தக் கைகளுடையவைதான். அப்புறம் அந்த நடிப்பு. அந்த மனுஷர் இவரை நேரில் பார்த்ததே இல்லை. தலை எந்தப் பக்கம் சாயும், உதடு எப்படிப் பிதுங்கும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறதென்றால் தங்கை அண்ணனைப் பற்றி எவ்வளவு சொல்லியிருக்க வேண்டும்.

மனைவிக்கு அவர் முகம் போகும் போக்கு தெரிந்தது. சம்மதம் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், நீங்கள் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று யோசனை சொன்னார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், உங்கள் கணக்கில் ஒன்றுதானே ஆகியிருக்கிறது என்றார்.

நல்ல யோசனைதான். மெஷின்காரர் அதை எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் தங்கை விக்கி விக்கி அழுதது காதை விட்டுப் போகவில்லை. உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் அண்ணா என்றாளே. அவள் தப்பாக நினைக்கவில்லை. காலையிலேயே படம் வந்திருந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

"நான் அந்தக் குரலுக்குத்தான் சம்மதம் சொன்னேன்" என்றார். "அந்த மனுஷனுக்கு இன்னும் சொல்லல."

மனைவி மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்து வீடியோ காலைப் போட்டார். அதில் மட்டும் படம் ஒழுங்காக வந்தது. தங்கை அதே சோபாவில் உட்கார்ந்திருந்தாள், கண் இன்னும் வீங்கியிருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் ஒரு நீலச் சட்டைத் தோள் தெரிந்தது. அண்ணி என்று ஆரம்பித்தவள் அண்ணனைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பாப்பா, நான் அப்பப் பாக்கல" என்றார் மெஷின்காரர். "படமே வரல. சத்தம் மட்டும்தான் வந்துச்சு. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

தங்கையின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்ன கேட்டார், யாருடைய குரலைக் கேட்டார், எதற்குச் சம்மதம் சொன்னார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது. மெதுவாக, "இப்ப?" என்றாள்.

"இப்பத்தான் எதிர்க் கடையில பாத்தேன்."

"பாத்துட்டியா."

"ம்."

அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே என்று பயந்தவள் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுதியனுப்பிய வாக்கு அவள் மனசில் இருந்தது, அண்ணனுக்கும் அது நினைவிருந்தது. மெஷின்காரரின் மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், கிள்ளுவதற்குத் தயாராக.

"மொதல்ல சொன்னது செல்லாது" என்றார் மெஷின்காரர். "இப்பப் பாத்துட்டுச் சொல்றேன் பாப்பா. சம்மதம்."

அவள் பக்கத்தில் திரும்பினாள். அவளுடைய இரண்டு கைகளும் எழுந்தன, ஓடத் தொடங்கின. என்ன வேகம்! விரல்கள் மடங்கின, விரிந்தன, ஒன்றையொன்று தொட்டு விலகின, கூடவே புருவமும் உதடும் பேசின. அழுதுகொண்டே பேசினாள், அழுகையால் அந்தப் பேச்சு கொஞ்சமும் தடைப்படவில்லை. மெஷின்காரர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழலையிலிருந்து அவள் பேசிய எல்லாப் பேச்சையும் கேட்டவர் அவர். இதை அவள் எப்போது கற்றாள்? இவ்வளவு சரளம் ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வருவதில்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு வாரமும் போன் பேசி, சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டிருக்கிறார். அவளும் ம் ம் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு முழு பாஷையையே அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறாள், அவருக்குப் பயந்து.

"ரொம்ப நாளாவா பாப்பா?" என்றார்.

"ரொம்ப நாளா அண்ணா."

எங்கிட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். கேட்கிற தகுதி இல்லை என்று அவருக்கே தோன்றியது. நீலச் சட்டைக்காரர் இப்போது முழுசாகத் திரைக்குள் வந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் நின்றது. கைகூப்பினார். மெஷின்காரரும் அவசரமாகக் கைகூப்பி, "நல்லா இருங்க மாப்பிள்ள" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மனைவி அப்போது கிள்ளினார்.

"சம்மதம்னு எப்படிச் சொல்றது?" என்று தங்கையிடம் கேட்டார். "நானே சொல்றேன்."

தங்கை கையை எடுத்து எப்படி என்று செய்து காட்டினாள். பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. எண்ணெயும் தழும்பும் ஏறிய அந்தத் தடித்த விரல்களுக்குச் சுலபமாக இல்லை. மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, மெஷின்காரர் எழுந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார்.

மாப்பிள்ளை முகத்தைச் சுளித்து, இல்லை என்று தலையாட்டினார்.

மெஷின்காரர் விரலை நிமிர்த்திக்கொண்டு, நிதானமாக, மறுபடி செய்தார். அதுவும் சரியில்லையாம். மாப்பிள்ளை புருவத்தைச் சுருக்கி, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். இது சின்ன வேலையில்லை என்று மெஷின்காரருக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இன்னும் கவனமாகச் செய்தார். மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "மொதத் தடவையே சரிதான் அண்ணா. நீ சொல்றத அவருக்குத் திரும்பத் திரும்பப் பாக்கணுமாம்."

மெஷின்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெஷின்காரர் இன்னொரு தடவை சொன்னார்.